மீறல் இல்லை என்று சொன்னவர்களுக்கு: சமூக வலைத்தளங்களின் குறைதீர் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் இயங்கும் சமூக வலைத்தள நிறுவனங்களின் குறைதீர் அலுவலர்களுக்கு,

“நீங்கள் புகாரளித்த பதிவை ஆய்வு செய்தோம். அது எங்கள் சமூக வழிகாட்டு நெறிகளை மீறவில்லை.” இந்த இரண்டு வரிகள் எனக்கு இதுவரை ஆறு முறை வந்திருக்கின்றன. ஆறு முறையும் ஒரே காணொளிக்கு. ஆறாவது பதில் வந்த ராத்திரிதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் பையன் யாரென்று தெரிந்துவிடும். உங்களில் எந்த நிறுவனம் என்பதையும் சொல்லவில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் ‘நாங்கள் இல்லையப்பா’ என்று நிம்மதியாகப் படுத்துவிடுவீர்கள்.

அந்தக் காணொளியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரியில் எங்கள் பள்ளி ஆண்டு விழா. பிளஸ் ஒன் படித்த ஒரு பையன் 400 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் முதலாவதாக வந்திருந்தான். பட்டியல் சாதிப் பையன். பரிசு கொடுத்த சிறப்பு விருந்தினர், “இங்க வா தம்பி” என்று அவனைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பையனுக்குக் கூச்சம். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா கடைசி வரிசையில் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பதினெட்டு நொடி ரீல்ஸ் ஒன்று ஊர் முழுக்கச் சுற்றியது. முதல் ஆறேழு நொடி பையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அடுத்து, அதே மாதிரி சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தனியாக நிற்கிறது. யாருடையதோ கை மட்டும் தெரிகிறது. வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றுகிறது. விளக்குமாற்றால் தேய்க்கிறது. இன்னொரு வாளி ஊற்றுகிறது. பின்னணியில் ஒரு சாதிப் பெருமைப் பாட்டின் மெட்டு, வரிகள் இல்லாமல் இசை மட்டும். கீழே ஒரே ஒரு வரி: “சுத்தம் சோறு போடும்.”

அவ்வளவுதான். சாதிப் பெயர் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, அருவாள் இல்லை. அந்தப் பழமொழி எங்கள் பள்ளிச் சுவரிலேயே பெயின்டில் எழுதியிருக்கிறது. உங்கள் இயந்திரம் அதை மொழிபெயர்த்துப் பார்த்திருந்தால் சுகாதாரப் பிரச்சாரம் என்றே நினைத்திருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், பார்த்த மாத்திரத்தில் சொல்லும்: அவன் உட்கார்ந்த இடம் தீட்டு.

வருடா வருடம் நான் நடத்துகிற இலக்கணப் பாடத்தில் குழூஉக்குறி என்று ஒன்று வரும். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், வேடர்கள் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று உதாரணம் சொல்வோம். பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது அந்த உதாரணங்கள் எனக்கே பழசாகத் தெரிகின்றன. வண்ண இதய எமோஜிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரு சாதி. அந்த நிறங்கள் மாறினால் வேறு சாதி. சிங்கம் ஒரு தெரு, புலி ஒரு தெரு. ‘ஆண்ட பரம்பரை’ என்ற இரண்டு சொல்லுக்குள் ‘மற்றவன் அடிமை’ என்ற இன்னும் இரண்டு சொல் சொல்லாமலே இருக்கிறது. என் வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த அகராதி மனப்பாடம். உங்களுக்குத்தான் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

ரீல்ஸைப் போட்டது யார் என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. படம் எடுக்கப்பட்ட கோணம் பிளஸ் டூ பையன்களை நான் உட்காரவைத்த வரிசை. ஃபேக் ஐடிதான், ஆனாலும் ஆளைத் தெரிந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“சாதியப் பத்தி ஒரு வார்த்த இருக்கா டீச்சர் அதுல?”

“இல்லதான். பெறவு எப்படில எல்லாருக்கும் புரிஞ்சுது?”

தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்ன பதில்தான் இந்த மடலுக்கே முதல் காரணம். “நான் கிரிக்கெட் ஆடுறத எத்தனையோ வாட்டி போட்டேன் டீச்சர். நூறு பேர்கூடப் பாக்கல. இது ஒரே நாள்ல இருபதாயிரம் போயிட்டு.”

அந்தப் பையனுக்கு வெறுப்பு அவன் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தது. அதை மறுக்கவில்லை. அந்தத் தெரு எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் பிறந்த வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது. (இதைப் படிக்கும் பலர் ‘இந்த டீச்சர் என்ன ஆளு’ என்று தேடத் தொடங்கியிருப்பார்கள். தேட வேண்டாம், இதோ சொல்லிவிட்டேன். ‘நம்ம பிள்ளைய நீயே காட்டிக்கொடுக்கலாமா’ என்று எனக்கு வந்த செய்திகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.) ஆனால் தெருவில் இருந்த வெறுப்புக்கு எண் போட்டு, ‘இதைச் செய்தால் இருபதாயிரம், அதைச் செய்தால் நூறு’ என்று பதினேழு வயதுப் பையனுக்கு விலைப்பட்டியல் காட்டியது தெரு இல்லை. நீங்கள்.

பாதிக்கப்பட்ட பையன் பதினோரு நாள் பள்ளிக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் ராத்திரி அவனாகவே ஒரு காணொளி போட்டான். அழவில்லை, கத்தவில்லை. சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் நின்று பேசினான். ஓட்டப் பயிற்சிக்குப் போகும் மைதானத்தில் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பஸ்ஸில் என்ன சொல்லி இடம் தர மறுக்கிறார்கள் என்று அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னான். ‘அந்த நாற்காலிய நான் கேக்கல, அவங்களே உக்காரச் சொன்னாங்க’ என்று முடித்தான்.

அதை நீங்கள் விடிவதற்குள் நீக்கிவிட்டீர்கள். காரணம்: வெறுப்புப் பேச்சு. அவன் கணக்குக்கு 30 நாள் கட்டுப்பாடு.

உங்கள் வடிகட்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. இழிசொல் பட்டியலில் இருக்கும் வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது, பிடித்துக்கொண்டது. அந்த வார்த்தை தன்மேல் எறியப்பட்டதைச் சொல்கிறவனுக்கும் எறிகிறவனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எறிகிறவன் கெட்டிக்காரன், அவன் அந்த வார்த்தையைத் தொடுவதே இல்லை. ஆக, அடித்தவன் பதிவு நின்றது, ‘அடித்தார்கள்’ என்று சொன்னவன் பதிவு போனது.

சரி, முறைப்படி போவோம் என்று முறைப்படியும் போனேன். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றன. நான் புகார் கொடுத்தபோது அதுதான் நடைமுறை. ஒப்புகை சில நொடிகளில் வந்தது, கோரிக்கை எண்ணோடு. ஆஹா, என்ன வேகம் என்று நினைத்தேன். நான் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். தீட்டு என்றால் என்ன, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது என்ன அர்த்தம், அந்த மெட்டு எந்த விழாவில் போடப்படுவது, அந்தப் பழமொழி அங்கே ஏன் கேலியாகிறது என்று வகுப்பெடுப்பதுபோல் விளக்கியிருந்தேன். பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. முதல் இரண்டு வரியை நீங்கள் மேலே படித்துவிட்டீர்கள். மூன்றாவது வரி, அந்தக் கணக்கை நான் பிளாக் செய்துகொள்ளலாம் என்ற ஆலோசனை. நான் பிளாக் செய்தால் எனக்குத் தெரியாது. ஊருக்கு?

பதிலின் அடியில் ஒரு மனிதப் பெயர் இல்லை. அதை எழுதியவருக்குத் தமிழ் தெரியுமா, என் இரண்டு பக்கத்தை யாராவது படித்தார்களா என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. உங்கள் முடிவை எதிர்த்து முறையிட மத்திய அரசு 2023-இல் மேல்முறையீட்டுக் குழுக்கள் அமைத்திருக்கிறது என்பதை நான் வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் 30 நாள் கெடு தாண்டிவிட்டது. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று உங்கள் பதிலில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பிளாக் செய்யச் சொல்ல இடம் இருந்ததே.

‘குறிகளை எப்படி விதிமீறல் என்று எடுத்துக்கொள்வது, வார்த்தை இருந்தால்தானே’ என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்போதோ யோசித்துவிட்டது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களோடு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மேல் பகையையும் வெறுப்பையும் தூண்டுவதைக் குற்றம் என்கிறது. எழுத்தால், பேச்சால் மட்டும் என்று அது நிறுத்தவில்லை. குறிகளாலும் கண்ணுக்குத் தெரியும் சித்திரிப்பாலும் செய்தாலும் குற்றம்தான் என்கிறது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நாற்காலியும் அந்த வரிக்குள் வராதென்றால் வேறு எது வரும்? உங்கள் நெறிமுறைகளும் இதில் ஊமை இல்லை. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா, யூடியூப், எக்ஸ் எல்லாருமே வெறுப்பிலிருந்து காக்கப்பட வேண்டிய அடையாளங்களில் சாதியையும் எழுதிவைத்திருக்கிறீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதை மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் குறிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பது எங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டக் கையில் வண்ண வண்ணக் கயிறு கட்டுகிறார்கள், அதைத் தடுங்கள் என்று. எதிர்ப்பு வந்ததும் அது அப்படியே அமுங்கிப்போனது. நான்கு வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 அன்று ராத்திரி, நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு பட்டியல் சாதி மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அவன் செய்தது என்ன? தன்னை அவர்கள் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்னான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைப் பள்ளிக்குள் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

நாங்கள் வாசலில் நின்று கயிற்றை அறுக்கிறோம். உள்ளே போனதும் அதே கயிறு திரையில் இருக்கிறது. கத்தரிக்கோல் உங்கள் கையில்.

2015-இல், வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகக் கொல்லப்பட்ட பட்டியல் சாதி இளைஞர் கோகுல்ராஜின் கொலை வழக்கில் தேடப்பட்டவர் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவு வெளியிட்டுக்கொண்டிருந்தார், ஊர் ஊராக அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். 2022-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்து, அடுத்த வருடம் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நீதிமன்றம் ஏழு வருடத்தில் சொன்ன தீர்ப்பைவிட அந்த ஒலிப்பதிவுகள் எத்தனை பிள்ளைகளின் மனதில் முதலில் போய் உட்கார்ந்தன என்று யார் எண்ணினார்கள்? 2019 ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒரே ஒரு வாட்ஸ்அப் ஒலிப்பதிவு காவல் நிலையத்தை முற்றுகையிடும் அளவுக்குக் கொண்டுபோனது. 144 தடை போட வேண்டிவந்தது. இங்கே பாதிக்கப்பட்டது வேறு சமூகம். ஒரு தரப்புக்காக மட்டும் பேசுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சேர்க்கிறேன்.

அப்புறம் 2025 ஜூலை 27. பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் ஒரு மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு பழகினார் என்பதற்காக நடந்த கொலை என்பது வழக்கு. நடந்த இடத்துக்கும் எங்கள் பள்ளிக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் என் கைப்பேசிக்கு நான் தேடாமலே வந்த பதிவுகளைச் சொல்கிறேன். கைதான இளைஞரின் படம், மெதுவாக நடந்துவரும்படி எடிட் செய்தது, பின்னால் மாஸ் பிஜிஎம், தலையைச் சுற்றி ஒளிவட்டம். நான் யாரையும் பின்தொடரவில்லை, எதற்கும் லைக் போடவில்லை. ஒன்றை மட்டும், இது என்ன கொடுமை என்று, முழுதாகப் பார்த்தேன். என் தப்பு அதுதான். சாயங்காலத்துக்குள் அதே மாதிரி ஒன்பது வந்தன. நான் அதிர்ந்துபோய் நின்று பார்த்த நேரத்தை உங்கள் கணக்கு ரசனை என்று எழுதிக்கொண்டது. ஐம்பது வயதுக்காரிக்கே இப்படியென்றால், பதினாறு வயதில் ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எத்தனை வரும்?

ஆகவே, ‘நாங்கள் வெறும் மேடைதான், பேசுகிறவர் வேறு’ என்ற சமாதானத்தைத் தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம். எங்கள் ஊர்த் திருவிழாவில் மேடை போடுகிற காண்ட்ராக்டர், எவன் மோசமாகப் பேசுகிறானோ அவன் மைக்கை மட்டும் கூட்டிவைப்பதில்லை.

நீங்கள் தமிழுக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. 2021-இல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது, பொய்ச் செய்திகளை இனங்காணச் செலவிடும் நேரத்துக்கு ஒதுக்கிய நிதியில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கும், மீதி 13 உலகம் முழுவதற்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கணக்கு முழுமையானது இல்லை என்று நிறுவனம் சொன்னது. முழுக் கணக்கையாவது வெளியிட்டிருக்கலாம். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2018 மார்ச்சில் கண்டி, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, அதற்கு முன்பே சிங்களத்தில் கொட்டிக்கிடந்த வெறுப்பைப் பற்றி அங்குள்ளவர்கள் புகார் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தார்கள். ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம். எரிந்த கடையைத் திரும்பக் கட்டுவதற்கே அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கும் எண்மச் சேவைகள் சட்டப்படி, உங்களில் பெரிய நிறுவனங்கள் ஒவ்வோர் ஐரோப்பிய மொழிக்கும் எத்தனை மனிதர்களைப் பதிவுகளை ஆராய அமர்த்தியிருக்கிறீர்கள் என்று பொதுவில் அறிவிக்க வேண்டும். அறிவிக்கிறீர்கள். மால்டா தீவில் இருப்பது ஐந்தரை லட்சம் பேர், அவர்கள் மொழிக்கும் கணக்கு காட்ட வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம். எங்களுக்கு ஒரு எண்கூட இல்லை. மால்டாக்காரர்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவர்களிடம் அபராதம் போடும் சட்டம் இருக்கிறது, எங்களிடம் மொழி மட்டும் இருக்கிறது. அதுதான் வித்தியாசம் போலிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அரசாங்கம் கைகாட்டியதையெல்லாம் உடனே நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எப்படிப் பயன்பட்டது என்று பார்த்த தலைமுறை நான். முகநூலில் ஒரு கருத்துச் சொன்னதற்கும் அதற்கு லைக் போட்டதற்கும் பெண்பிள்ளைகளைக் கைதுசெய்தார்கள். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் மிட்டாய் வாங்கித் தின்றோம். அவசரமாக நீக்கச் சொல்லும் எந்த அதிகாரமும் முதலில் யார் வாயை மூடும் என்பதற்கு என் மாணவனின் காணொளியே சாட்சி. பயந்து நீக்குவதும் பார்க்காமல் விடுவதும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் படிக்கும் வேலையை யாரும் செய்யவில்லை.

அந்த ரீல்ஸைப் போட்ட பிளஸ் டூ பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பவும் எனக்கு மனமில்லை. தலைமையாசிரியரும் நானும் அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினோம். அவன் பதிவை நீக்கினான். பரிசு வாங்கிய பையனின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, முழுதாக இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு மன்னிப்பைச் சொல்லிவிட்டு வந்தான். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான். அது எங்கள் அளவில் பெரிய விஷயம். ஆனால் அதற்குள் பதினாலு வேறு கணக்குகள் அதை எடுத்துப் போட்டிருந்தன. நாங்கள் ஊரில் முடித்துவைத்ததை நீங்கள் முடிக்கவிடவில்லை. இந்த வருடக் கோயில் கொடை முடிந்த மறுநாள் அதே காணொளி, புது மெட்டோடு, ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று எனக்கே வந்தது. அதற்குக் கொடுத்ததுதான் ஆறாவது புகார்.

என் கோரிக்கைகள் இவை.

தமிழ்ப் பதிவுகளைப் படித்து முடிவெடுக்க எத்தனை மனிதர்கள் உங்களிடம் வேலை செய்கிறார்கள் என்று வெளியிடுங்கள். மால்டா மொழிக்குச் செய்வதைச் செய்தால் போதும். அவர்களில் தென் மாவட்டங்களையும் வட மாவட்டங்களையும் மேற்கையும் அறிந்தவர்கள் இருக்க வேண்டும், பட்டியல் சாதியினரும் இருக்க வேண்டும். பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எங்கள் தெருவின் இதய நிறங்கள் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரிந்தவரைக் கேட்கும் ஏற்பாட்டை எதிர்பார்க்கிறேன். ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், களப்பணியாளர்கள் கொண்ட ஒரு குழுவை அமைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் குழூஉக்குறிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவை மாறிக்கொண்டே இருக்கும், நீங்களும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சாதி வெறுப்பு என்று ஒரு பதிவின்மேல் புகார் வந்தால், முடிவு வரும்வரை அதை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதை நிறுத்துங்கள். நீக்கச் சொல்லவில்லை. தேடி வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரைச் சாதியின் பெயரால் கொண்டாடும் பதிவுகளுக்குப் பரிந்துரையும் விளம்பர வருமானமும் எந்த நாளும் இருக்கக் கூடாது.

புகார் செய்தவருக்கும், பதிவு நீக்கப்பட்டவருக்கும், காரணத்தைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். எந்த நெறி, ஏன் பொருந்தியது, ஏன் பொருந்தவில்லை, படித்தது மனிதரா இயந்திரமா, அடுத்து எங்கே எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று அதில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்பது எந்த வழியிலும் வெளியே போகக் கூடாது. நாங்குநேரியை நினைத்துக்கொண்டு இதைக் கேட்கிறேன்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் குறிவைத்த பதிவு என்று ஒரு பள்ளி எழுத்தில் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். அதற்குத் தனி முகவரி கொடுங்கள். நீக்கும் பதிவுகளின் நகலை நீதிமன்றம் கேட்டால் தரும்படி பத்திரப்படுத்துங்கள், சாட்சியம் அழிந்துபோகாமல். நீக்கப்பட்ட ஒரு காணொளியை வேறு கணக்கு திரும்பப் போட்டால் மீண்டும் முதலிலிருந்து புகார் எழுதவைக்காதீர்கள். பாட்டின் காப்புரிமைக்காரர்களுக்கு அந்த வசதியை உங்களில் சிலர் எப்போதோ செய்து கொடுத்துவிட்டீர்கள். ஒரு மெட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நாற்காலியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்காது.

தன்மேல் எறியப்பட்ட இழிசொல்லைச் சொல்லிக்காட்டும் பதிவையும் எறிபவரின் பதிவையும் பிரித்துப் பார்க்கும்வரை, சாதி இழிசொற்களுக்கான தானியங்கி நீக்கத்தை மனிதர் ஒருவர் பார்த்த பிறகே செய்யுங்கள்.

கடைசியாக, 2025 மார்ச்சில் ஒரு பையன் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு நின்று பேசிய காணொளி உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. அவன் இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. போன வாரம் அவனிடம் கேட்டேன், திரும்ப வரட்டும் டீச்சர் என்றான். அதைத் திரும்பப் போடுங்கள். கோரிக்கை எண்ணை ஏழாவது புகாரோடு அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை
திருநெல்வேலி மாவட்டம்